கலக்காத குழம்பு

மதியப் பந்தியில் மணியக்காரர் ஜமீன்தாரிடம் மார்தட்டினார்: "குடிகளைக் கேட்டுவிட்டேன். வயலெல்லாம் நிறைந்துவிட்டதாம். ஏரி மதகை நாளைக்கே அடைத்துவிடலாம்."

அவர் கேட்டதோ மதகை ஒட்டிய வயல்காரர்களை மட்டும். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், நாற்று கருகிக்கொண்டிருந்தது. பந்தியில் பரிமாறிய சமையல்காரி ஆவுடை அந்தக் கடைமடைப் பக்கத்துக்காரி. குழம்பைக் கலக்காமலே மொண்டு ஊற்றினாள்.

"காய் எங்கேடி?" என்றார் ஜமீன்தார்.

"அடியில கிடக்கு சாமி. நானும் மணியக்காரர் மாதிரி மேலாப்புல மொண்டுட்டேன்."

மணியக்காரர் சீறினார்: "ஊர் முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் அறுவடையே வந்துவிடும்!"

"கலக்கினா ஒரு கரண்டி போதுங்க. மடைக்கு ஒரு குடம் வச்சு, அந்த மடைக்காரங்க பேரையெல்லாம் ஓலையில எழுதிப் போட்டுக் குலுக்குங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு நீங்களே நாலு ஓலை எடுங்க. வந்தவங்களைக் கேளுங்க."

ஜமீன்தார் அப்படியே செய்யச் சொன்னார். கடைமடைக் குடத்தில் பேர் வந்த அத்தனை பேரும் தண்ணீர் கேட்டார்கள். மதகு திறந்தே கிடந்தது.

அன்றிலிருந்து மணியக்காரர் எந்தச் சேதி கொண்டுவந்தாலும் ஜமீன்தார் கேட்பது ஒன்றுதான்: "கலக்கினீரா?"