பவளாயியின் விதைச்சுரை

பெரியவர்களே, சிறியவர்களே, கேளுங்கள். மரங்களும் பறவைகளும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிய முன்னொரு காலத்தில், பனந்துறை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் பவளாயி என்பவள் தன் கணவன் மாறப்பனோடு வாழ்ந்துவந்தாள். வீட்டின் பின்புறம் அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஒரு கிணறு, ஒரு வேம்பு, ஒரு பந்தல், பந்தலின்மேல் ஒரு சுரைக்கொடி, அவ்வளவே.

அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் காய்க்கும் நல்ல சுரைக்காயை அவர்கள் உண்பதில்லை. அதன் காம்பில் சிவப்புத் துணி கட்டி, விதைக்கென்று கொடியிலேயே விட்டுவிடுவார்கள். அது முற்றி, வற்றி, குலுக்கினால் கலகலவென ஒலிக்கும். மாறப்பன் அதன் விதைகளைப் பசுஞ்சாணத்தில் பதித்து, கையால் அறைந்து சுவரில் ஒட்டிவைப்பான். பவளாயி ஆடியில் அவற்றை ஊன்றுவாள்.

ஒரு மார்கழியில் அரசனின் ஆள் வந்தான். பெரிய ஏரியைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றான். மாறப்பன் மண்வெட்டியைத் தோளில் வைத்தான்.

"எப்போது வருவீர்கள்?" என்று பவளாயி கேட்டாள்.

"வேலை முடிந்ததும் வருவேன்."

"வேலை எப்போது முடியும்?"

"அதை ஏரியைத்தான் கேட்க வேண்டும்" என்று சிரித்துவிட்டுப் போனான் மாறப்பன்.

தை பிறந்தது. தோட்டம் அதுவரை கண்டிராத அழகு கொண்டது. மாலைதோறும் பந்தல் முழுவதும் வெண்பூக்கள் மலர்ந்தன. பூவுக்குப் பின்னே பிஞ்சு, பிஞ்சுக்குப் பின்னே காய். பவளாயிக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்தது. 'அவர் வருவதற்குள் இவையெல்லாம் வாடிவிடுமே. இந்தக் கோலத்தை அவர் காணாமலே போய்விடுவாரே' என்று ஏங்கினாள்.

அவ்வேளையில் சடைமுடியும் கோலுமாக ஒரு மாயக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, என் தண்ணீர்க் குடுக்கை உடைந்துவிட்டது. சிவப்புத் துணி கட்டிய அந்தக் காயைக் கொடு."

"அது விதைக்காய், ஐயா. வேறு எதை வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளுங்கள்."

"இளங்காயில் குடுக்கை செய்தால் தண்ணீரோடு குடுக்கையும் ஒழுகும். அதைக் கொடு, நீ கேட்பதை நான் தருகிறேன்."

பவளாயி பந்தலைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள், மீண்டும் பந்தலைப் பார்த்தாள்.

"என் கணவர் வரும்வரை இத்தோட்டம் இப்படியே இருக்க வேண்டும்" என்றாள்.

அவர் காயைப் பறித்தார், குடைந்தார், விதைகளை நெருப்பிலிட்டார். வெறும் குடுக்கையின் வாய் வழியே மூச்சை ஊதி, இனி வரவிருந்த பருவங்களையெல்லாம் அதற்குள் இழுத்து, தக்கையால் அடைத்தார். நாடெங்கும் தை மாதம் அப்படியே நின்றது. மாயக்காரரோ ஊர்க்கோடி ஆலமரத்தடியில் தங்கி, நாள்தோறும் சுரைக்காய்க் கூட்டு உண்ண வந்துவிட்டார்.

பறித்தாள், மறுநாளும் பூ. பறித்தாள், மறுநாளும் பிஞ்சு. பறித்தாள், மறுநாளும் காய். ஆனால் மாறப்பன் வரவில்லை.

தை நின்றபின்புதான் மற்ற மாதங்கள் பவளாயியின் நினைவுக்கு வந்தன. சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து கிணற்று நீரில் மிதக்கும். வாளியைச் சாய்த்து மாறப்பன் அவற்றை ஊதி விலக்குவான். ஆடிக்காற்றில் துணிக்கொடியில் உலரும் வேட்டி பறந்துபோய் அடுத்த வீட்டு முருங்கையில் சிக்கும். அதை எடுக்கப் போனவன் கீரையும் கேட்டு வாங்கிவருவான். ஐப்பசியில் இருவரும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பந்தற்காலுக்கு முட்டுக்கொடுப்பார்கள். நனைந்தபோது சலித்துக்கொண்ட அந்த மழை, இப்போது வராதா என்றிருந்தது.

ஒருநாள் துவைகல்லின் அடியிலிருந்து தேரை தலைநீட்டியது. "உனக்குப் பூ வேண்டும், சரி. எனக்கு மழை வேண்டாமா, தங்கச்சி? கத்தாமல் கத்தாமல் என் தொண்டை கட்டிப்போயிற்று."

மறுநாள் வேம்பு முனகியது. "பழைய இலையெல்லாம் உடம்பில் அரிக்கிறது, மகளே. உதிர்க்க ஒரு மாசி வேண்டாமா?"

அதற்கு மறுநாள் வாலாட்டிக் குருவி வந்தது. குளிரோடு வந்து வெயிலோடு திரும்பும் பறவை அது. "நான் ஊருக்குப் போகவே முடியவில்லை. பெரிய ஏரிக்கரையில் உன் வீட்டுக்காரரும் என்னைப் போலத்தான் உட்கார்ந்திருக்கிறார்" என்றது.

"ஏன்? வேலை முடியவில்லையா?"

"தொடங்கவே இல்லை. தண்ணீர் வற்றினால்தானே தூர்வார முடியும்? கோடை வந்தால்தானே தண்ணீர் வற்றும்?"

பவளாயியின் கையிலிருந்த கூடை நழுவியது. மாயக்காரரிடம் ஓடினாள்.

"ஐயா, பருவத்தை அவிழ்த்துவிடுங்கள். தை நின்றால் அவர் வரவே முடியாது."

"அவர் வரும்வரை என்று நீதானே கேட்டாய்? நான் வாக்குத் தவறுவதில்லை" என்று அவர் நகைத்தார். "உன் வீட்டுச் சுரையின் ஒரே ஒரு விதை மண்ணில் முளைத்தால் என் கட்டு உடையும். ஆனால் உன்னிடம் விதை ஏது? போய்க் கூட்டை இறக்கு, வருகிறேன்."

விதை இருந்தது. பின்சுவரின் உச்சியில், சென்ற ஆண்டு மாறப்பன் அறைந்துவைத்த சாணவில்லை ஒன்று எஞ்சியிருந்தது. அதில் அவனுடைய ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. அவன் போனதுமுதல் காலைதோறும் பவளாயி அதைத் தொட்டுப் பார்த்தபின்தான் நீர் இறைப்பாள்.

அதன்மேல் தன் விரல்களைப் பொருத்திப் பார்த்தாள். பிறகு அதைப் பெயர்த்தாள், உடைத்தாள். விதைகளை வண்டு துளைத்திருந்தது. ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. அதைக் கிணற்றடி மண்ணில் ஊன்றி, உள்ளங்கையால் நீர் வார்த்தாள்.

சில நாட்கள் சென்றன. மாயக்காரர் இலையின்முன் அமர்ந்து இரண்டாம் முறை கூட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிணற்றடியில் விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி ஒரு முளை நிமிர்ந்தது. அவர் இடுப்பிலிருந்த குடுக்கை படீரென வெடித்தது. உள்ளே அடைபட்டிருந்த வெயில் குபுகுபுவென வெளியேறி வானமெங்கும் பரவியது.

"என்ன செய்தாய்?"

"விதை ஊன்றினேன், ஐயா."

"விதை இருப்பதாக நீ சொல்லவில்லையே."

"எங்கே சொல்லவிட்டீர்கள்? கூட்டை இறக்கச் சொல்லிவிட்டீர்களே."

அவர் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினார். "இனி ஒரு செம்பு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி, கோலை ஊன்றி நடந்து மறைந்தார்.

பழைய கொடி பழுத்துச் சருகாயிற்று. பவளாயி அழுதுகொண்டே அதைப் பெருக்கினாள். வேம்பு இலை உதிர்த்தது, குருவி விடைபெற்றது, கிணற்று நீர் அடிக்குப் போயிற்று. இருந்த நீரையெல்லாம் புதிதாக முளைத்த அந்த ஒற்றைக் கொடிக்கே வார்த்தாள். அதில் முதலில் வந்த காய்க்குச் சிவப்புத் துணி கட்டினாள். பெரிய ஏரியும் வற்றியது.

ஆடி பிறந்தது. காற்றோடு காற்றாக, காய்ந்த சேறு படிந்த மண்வெட்டியுடன் மாறப்பன் வந்தான். பந்தலில் ஒரு பூ இல்லை. ஓர் இலை இல்லை. காய்ந்த கொடியில் வற்றிய காய் ஒன்று மட்டும் தொங்கியது.

பவளாயி தலைகுனிந்தாள். "வெறுந்தரையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள்? தையில் வந்திருக்க வேண்டும். பந்தல் தெரியாமல் பூத்திருந்தது."

மாறப்பன் அந்தக் காயைக் குலுக்கினான். கலகலவென்றது.

"நான் பார்க்கவா வந்தேன், பவளாயி? ஊன்ற வந்தேன். எந்த மூலை, சொல்."

அவர்கள் ஊன்றி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. தேரை தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தத் தொடங்கியது. எஞ்சிய விதைகளைச் சாணத்தில் பதித்து மாறப்பன் சுவரில் அறைந்தான். பவளாயி அருகிலேயே தன் வில்லையை அறைந்தாள். அவ்வாண்டு அச்சுவரில் இரண்டு கைகள் பதிந்திருந்தன.

அந்த விதையின் விதை எந்தப் பந்தலிலேனும் இன்றும் ஏறிக்கொண்டிருக்கும். கொடி ஏறட்டும், கதையை நான் இங்கே இறக்கிவைக்கிறேன்.