வடிவின் கையில் மல்லிகை

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உலகம்மாள் என்றொரு பெண்மணி அத்தர் வடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் தொழில் பழக வந்த சீடர் ஆவுடையப்பன். சீடருக்கு ஐம்பது தாண்டியாயிற்று, குருவுக்கு நாற்பது ஆகவில்லை. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஊரில் இருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதற்கு யார் வரி போடப் போகிறார்கள்.

அதற்கு முன்னால் ஆவுடையப்பன் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தார். மல்லிகையில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் நினைப்பு. ஆனால் சாயங்காலம் விரிகிற பூ மறுநாள் காலையில் குப்பைக்குப் போகிறதே, அது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. மணத்தைப் பிடித்துச் சீசாவில் அடைத்துவிட வேண்டும் என்று கடையை மூடிவிட்டு உலகம்மாளிடம் வந்து நின்றார். மனைவி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். வீட்டில் இருந்தது மகள் வடிவு ஒருத்திதான், அவளோ அப்பா சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவள்.

செப்புப் பானையில் பூவும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சி, மேலே வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்க வேண்டும். தீ கொஞ்சம் கூடிவிட்டால் பூ வெந்து கீரை வாடை வரும். ஆவுடையப்பனுக்கு மாசக்கணக்கில் கீரை வாடைதான் வந்தது. மனுஷன் அழுதேவிட்டார். பிறகு ஒருநாள் அந்த வாடை வரவில்லை. உலகம்மாள் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாளின் கையில் தடவினார். கொஞ்ச நேரம் பொறுத்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். அன்றைக்கு ஆவுடையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வடிவுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பூ வைக்க வந்தார்கள். அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? தான் வடித்த அத்தரை மகளின் மணிக்கட்டில் பூசிவிட்டார். அதோடு நிற்காமல், வந்திருந்த மாப்பிள்ளையின் தங்கைக்கும் சித்திக்கும் அதே சீசாவிலிருந்து பூசினார். அவர்கள் கையை முகர்ந்து பார்த்து ஆகா என்றார்கள். வீடே பூத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு வடிவின் அருகில் போனார். குனிந்தார். அப்படியே நின்றார். அவர் மூக்கு சுருங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். சரத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, நேரம் சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது தன் தங்கையிடம் மெதுவாகச் சொன்னதாகத்தான் அவருக்கு நினைப்பு. உள்ளே நின்ற வடிவின் காதில் அது விழுந்துவிட்டது. புளித்த வாடை என்றார்.

இரண்டு நாளில் தரகர் வந்தார். பெண்ணின் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கும் போலிருக்கிறது, எங்கள் வைத்தியர் வந்து ஒருமுறை பார்த்துவிடட்டும், பிறகு பூ வைக்கிறோம் என்பது அவர்கள் பேச்சு. வெள்ளிக்கிழமை பதில் வேண்டுமாம்.

ஆவுடையப்பனுக்குத் தலை சுற்றியது. வைத்தியர் வரட்டும் என்றால், மகளைச் சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். ஊர் சும்மா இருக்குமா, ஆயுசுக்கும் பேசும். அத்தர் கெட்டுப்போய்விட்டது, பெண் மேல் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவருக்கு மனசு வரவில்லை. அதே சீசா, அதே சொட்டு, மாப்பிள்ளையின் தங்கை கையில் அப்படி மணந்ததே! அத்தர் எப்படிக் கெட்டதாகும்? கெட்டதில்லை என்றால் வடிவுக்கு என்ன? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

உலகம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"குத்தம் அத்தர்லயா, பொண்ணுகிட்டயாம்மா?"

உலகம்மாள் அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்துத் தீயைத் தணித்தார்.

"எல்லார் கையிலயும் போட்டுப் பாருங்க."

"பிறகு?"

"மோந்து பாருங்க."

ஆவுடையப்பன் சீசாவை மடியில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் தயிர்க்காரி மாடத்தி. அவள் கையில் பூசினால் மல்லிகை விரியாத மொட்டு மாதிரி பச்சையாக மணந்தது. அடுத்து இரும்புப் பட்டறைக்காரர். புகை வாடைதான் வரும் என்று நினைத்துக் குனிந்தவருக்குக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஜவுளிக்கடை முதலாளி கையில் மணம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட நிற்கவில்லை, பூசினோமா இல்லையா என்று சந்தேகமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் போட்டதும் சுத்தமாக அந்துருண்டை வாடை. வாத்தியார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறதே, வீட்டுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார்.

தன் கையிலும் பூசிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க அத்தரிலேயே ஊறிக் கிடக்கிற கையில் ஒரு சொட்டு எங்கே தனியாகத் தெரியப் போகிறது?

ஊரில் ஆவுடையப்பன் கைரேகை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று கேலி கிளம்பிவிட்டது. சில பேர் தாங்களாகவே வந்து கையை நீட்டி, எனக்கு எப்போது யோகம் என்று கேட்டார்கள். அவர் அதையும் விடாமல், நீட்டிய கையிலெல்லாம் ஒரு சொட்டு வைத்து முகர்ந்தார். முகர முகரக் குழப்பம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

கடைசியில் வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு உலகம்மாளிடம் வந்தார். நீங்கள் ஒருமுறை இவர் கையை முகர்ந்து சொல்லுங்கள், இது மல்லிகைதானா என்றார்.

"எனக்கு மூக்கு கிடையாதே, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் அவர் மூக்கையே பார்த்தார். மூக்குத்தியோடு லட்சணமாக இருந்தது.

"கல்யாணமான புதுசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல மணமும் நாத்தமும் ரெண்டும் போயிருச்சு. இன்னும் திரும்பலை."

"அப்போ என் அத்தரை நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்களே?"

"பூசிக்கிட்டவங்க முகத்தைப் பார்த்துச் சொன்னேன்."

வாத்தியாருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. காது கேளாதவரிடம் நாகசுரம் படித்த கதையாகிவிட்டதே என்று நொந்துபோனார். இத்தனை நாள் யார் பேச்சை நம்பித் தீயைக் கூட்டினோம், யார் பேச்சை நம்பித் தணித்தோம்? கடையை மூடியது, ஊர் சிரித்தது, எல்லாம் இதற்குத்தானா? அப்படியே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போனால் வெள்ளிக்கிழமைக்கு என்ன பதில் சொல்வது? அதனால் போகவில்லை.

அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளுக்கு ஒரு சாப்பாடு, ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு சோப்பு, அதனால்தான் இந்தக் குளறுபடி என்று முடிவுகட்டினார். மாடத்தியையும் பட்டறைக்காரரையும் வாத்தியாரையும் கெஞ்சிக் கூத்தாடி ஒரே மரத்தடியில் உட்கார வைத்தார். மூன்று பேர் கையையும் பயத்தமாவு போட்டுக் கழுவச் சொன்னார். மூவருக்கும் வெறும் மோர்தான் குடிக்கக் கொடுத்தார். எங்களுக்கு என்ன சடங்கு செய்யப் போகிறீர், மாமா என்று மாடத்தி கேட்டாள். பிறகு மூன்று கையிலும் பூசினார்.

மொட்டு மொட்டாகவே இருந்தது. கல்யாண வீடு கல்யாண வீடாகவே இருந்தது. அந்துருண்டை மட்டும் வெயில் ஏறியதும் மெல்ல மெல்ல மாறி, இளஞ்சூட்டில் பால் காய்கிற மாதிரி ஒரு மணம் வந்தது. ஒரே கை, ஒரே சொட்டு, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஆவுடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. உலகம்மாளின் பட்டறையில் போய் நின்றார். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். கடைசியில், அத்தரில் குற்றமில்லை என்பது மட்டும் தெரிகிறது என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

"அப்போ?"

"அப்போ..."

வைத்தியர் வரட்டும் என்று சொல்லிவிடவா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க பொண்ணு கையில எப்படி மணந்துது?"

"சம்பந்தியம்மா புளிச்ச வாடைன்னு..."

"அவங்க மூக்கைக் கேக்கலை. உங்க மூக்கைக் கேக்கறேன்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மாடத்தி கை, முதலாளி கை, வழியில் போனவன் வந்தவன் கை எல்லாம் கண் முன்னால் வந்தது. அந்த ஒரு கை வரவில்லை. அன்றைக்குப் பூசினார், பூசியதும் அடுத்த ஆளுக்குப் பூசப் போய்விட்டார். அதற்குப் பிறகு மகள் பக்கத்தில் வந்தால்கூட ஏதாவது வேலை இருக்கிற மாதிரி எழுந்து போனார். தன் மூக்குக்கும் அந்த வாடை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

அந்த நேரம் பார்த்து வடிவே வந்து வாசலில் நின்றாள். வீட்டுக்குத் தரகர் வந்து, அங்கே அப்பா இல்லை என்றதும் அவளோடு கூடவே வந்துவிட்டாராம், தெருவில் நிற்கிறாராம். இதைச் சொல்லும்போது ஒரு கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"கையை நீட்டும்மா" என்றார் ஆவுடையப்பன்.

வடிவு தயங்கினாள். வேண்டாம் அப்பா என்றாள். அவள் அப்பா பேச்சை மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் மறுபடி கேட்டதும் மெல்ல வெளியே எடுத்தாள். மணிக்கட்டு முழுக்கத் தோல் உரிந்து செக்கச் சிவந்திருந்தது. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு நாளுக்கு எத்தனை தடவை தேய்த்தாளோ தெரியாது, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

ஆவுடையப்பன் குனிந்து முகர்ந்தார். சாம்பல் வாடைதான் வந்தது.

"இன்னும் வருதாப்பா?" என்று கேட்டாள் வடிவு.

ஆவுடையப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார். உலகம்மாள் எழுந்து வந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு வெறும் தேங்காய் எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் தெருவுக்குப் போனார். வைத்தியர் வர வேண்டாம், என் மகளுக்கு ஒரு கோளாறும் இல்லை, அவர்கள் பூவும் எங்களுக்கு வேண்டாம் என்று தரகரிடம் சொன்னார். தரகர் பதறிப்போனார். இந்த மாதிரி இடம் மறுபடி கிடைக்குமா, கொஞ்சம் ஆற அமர யோசியுங்கள் என்று மன்றாடினார். சரி, அந்த வாடைக்கு என்ன காரணம் என்று நான் அங்கே போய்ச் சொல்லட்டும் என்று கேட்டார். ஆவுடையப்பன், அது ஒவ்வொருத்தர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வரும் என்று மென்று விழுங்கினார். இதைப் போய்ச் சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள் என்று தரகர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

திரும்பி உள்ளே வந்தவர் வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மனுஷனுக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அடக்கி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, இதை மட்டும் சொல்லிடுங்க. அத்தர்ல குத்தம் ஒண்ணும் இல்லையே?"

உலகம்மாள் வடிவின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் கையைப் பார்த்த பிறகுமா கேக்கறீங்க, அண்ணாச்சி?"