தானமாக வந்த மாடு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. கணக்குக்கு வயது வரிசை தெரியாது.

எஸ்தர் டீச்சரின் வீட்டுக்குள் சிவசைலம் மடிக்கணினிப் பையை அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அஞ்சல்வழி பி.எஸ்சி.யில் ஒரு கணக்குத் தாள்தான் பாக்கி. அதில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. வரும் செவ்வாய்தான் கடைசி வாய்ப்பு.

"நான் பரீட்சை எழுதல டீச்சர்."

"ஏன்?"

"விடை சரிபார்க்க வீட்ல ரெண்டு இலவச மென்பொருள் போட்டேன். மேக்சிமா ஒண்ணு, சிம்பை ஒண்ணு. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிடச் சொன்னேன். ஒண்ணு சைன்ல விடை சொல்லுது, இன்னொண்ணு காஸ்ல சொல்லுது. என் விடை ரெண்டோடயும் சேரல. எக்ஸுக்குப் பூச்சியம் போட்டா மூணும் மூணு எண்!"

"சரி."

"எது பொய் சொல்லுது? எதை வெச்சுக்கறது? காசு கொடுத்து வாங்கணுமா? மகன்கிட்ட கேட்டா, தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்கங்கறான்."

மனிதர் பாவம், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தாள்.

"பல்லைப் பிடிச்சே பாருங்க சார். மூணு விடையையும் எழுதி வகையிடுங்க. புறப்பட்ட கணக்குக்குத் திரும்புதான்னு பார்ப்போம்."

சிவசைலம் முணுமுணுத்தபடி போட்டார். முதல் விடை திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. கடைசியாகத் தன்னுடையதைப் போட்டார். அதுவும் அதே கணக்கில் வந்து நின்றது.

அவர் இன்னும் அதிகமாகக் குழம்பினார்.

"மூணும் சரியா? அப்புறம் எண் ஏன் வேற வேற?"

"கடைசியில ஒரு மாறிலி சேர்க்கணும்ல? அதுகளும் போடல, நீங்களும் போடல. வித்தியாசம் அந்த எண் அளவுதான். வகையிட்டா அது பூச்சியமாயிடும்."

சிவசைலம் தலையில் அடித்துக்கொண்டார். சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பழைய சந்தேகமும் வந்தது.

"அதெல்லாம் சரி டீச்சர். கடைசியில எதைத்தான் வெச்சுக்கறது?"

டீச்சர் அவர் மடியைப் பார்த்தாள். பையின் ஜிப்கூட இன்னும் திறக்கப்படவில்லை. கையில் பென்சில் மட்டும் இருந்தது.

"இப்ப மூணையும் சரிபார்த்தது எது சார்? அதை வெச்சுக்கங்க. அதைப் பரீட்சை ஹாலுக்குள்ளயும் விடுவாங்க."