இன்னும் இறங்காத பந்து

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது கோயில்பிச்சையின் கட்சி.

அன்று பாளையங்கோட்டையில் இசக்கியப்பன் சலூனில் அவருக்குப் பாதி முகம் மழித்தாகியிருந்தது. மீதிப் பாதியில் நுரை. அப்போதுதான் கல்லூரி பி.டி. மாஸ்டர் ஜெபராஜ் உள்ளே வந்தார். பெயர் எழுதாத அழைப்பிதழ் ஒன்று அவர் கையில். நாளை தேரடிக் கோப்பை ஃபைனல். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவில் கல்லூரியோடு ஃபைனல் ஆடின இந்தக் கல்லூரி அணியில் ஒருவர் பந்தை உதைத்துத் தொடங்கிவைக்க வேண்டுமாம். அந்த அணியில் சிலர் துபாயில், சிலர் சென்னையில், சிலர் பரலோகத்தில்.

கோயில்பிச்சை நாற்காலியில் நிமிர்ந்தார். "நீங்க ஆடினதைப் பாத்த ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்" என்று மனைவி முப்பது வருஷமாகக் கேட்கிறாள். காட்ட முடியாது. ஏனென்றால் அன்று முழுக்க அவர் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, மனைவி பார்க்க, அந்த மைதானத்தில் கால் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீரு சார், உக்காரும்" என்றார். "அன்னைக்கு எனக்கு நூத்தி நாலு டிகிரி காய்ச்சல். பந்தை எடுத்தேன். பதினோரு பேரையும் வெட்டிட்டுப் போனேன். கோல்கிட்ட போனதும் மனசு கேக்கல. பாவம், சின்னப் பயலுவ, சரியாப் பாத்திருக்க மாட்டானுவன்னு திரும்பி வந்து இன்னொரு தடவை வெட்டினேன்."

"தலையை ஆட்டாதீரும்வே, காது போயிரும்" என்றார் இசக்கியப்பன்.

"அடிச்சேன் பாரும் ஒரு அடி! அவனுவ கோல்கீப்பர் கெட்டிக்காரன், பந்தைப் பிடிச்சுட்டான். பிடிச்சவன் விடணுமில்லா? விடல. பந்து அவனையும் தூக்கிட்டுப் போயி வள்ளியூர்ல எறக்கி விட்டுட்டு. நாகர்கோவிலுக்குப் பாதி தூரம் வந்தாச்சே, பேசாம வீட்டுக்கே போயிருவமான்னு யோசிச்சானாம். அவன் பஸ் பிடிச்சுத் திரும்பி வாறதுக்குள்ள எங்களுக்கு ரெண்டு கோல்."

ஜெபராஜ் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதுகிற ஆளைக் கண்டால் கோயில்பிச்சைக்குக் கள் குடித்த மாதிரி.

"அடுத்த அடியில கோல் போஸ்ட்டே பிடுங்கிக்கிட்டுப் போயி முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு சார். நாலு பேரு அதுல சாஞ்சுகிட்டுதான் பஸ்ஸுக்கு நின்னாவ."

"கேக்கவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுமாம்" என்று இசக்கியப்பன் கத்தியை வாரில் தீட்டினார். "இத்தனை அடி அடிச்சீரே, பெறகு ஏன்வே மேட்ச் டிரா ஆச்சு? டாஸ் போட்டு, கப்பு ஆறு மாசம் அவன்கிட்ட, ஆறு மாசம் நம்மகிட்டன்னு இருந்ததை நான் என் கண்ணால பாத்தேனே?"

இது கொஞ்சம் இடறல்தான். கோயில்பிச்சை நுரையைத் துடைத்துக்கொண்டார். பாதி மீசை மட்டும் வெளியே வந்தது.

"அங்கதான் இருக்கு சங்கதி. அவனும் எப்படியோ ரெண்டு கோல் போட்டுட்டான். கடைசி நிமிஷம். நான் எட்டி உதைச்சேன். பந்து நேரா மேல போச்சு. ரெஃப்ரி அண்ணாந்து பாத்தாரு, பாத்தாரு, கழுத்து பிடிச்சுக்கிட்டு. பொழுது அடைஞ்சுட்டு. பந்து வரல. வேற வழியில்லாம ஆளுக்குப் பாதின்னு சொல்லிட்டாரு."

"பெறகு பந்து எப்ப வந்துச்சு?" என்றார் இசக்கியப்பன்.

"வரவே இல்லையே! இன்னும் மேலதான் நிக்கி. போன மாசம் பிளேன்ல வந்த என் மச்சினன் ஜன்னல் வழியா பாத்திருக்கான். தையல்கூட பிரியலையாம்!"

ஜெபராஜ் நோட்டை மூடினார்.

"அப்போ பந்து இன்னும் ஆட்டத்துலதான் இருக்கு. மேட்ச் முடியலை. முடிஞ்ச மேட்ச்ல ஆடினவங்களைத்தான் கூப்பிடணும்னு கமிட்டியில தீர்மானம் சார்" என்று அழைப்பிதழைப் பைக்குள் வைத்தார். "அதோட, மேட்ச் நடக்கும்போது ரெஃப்ரியைக் கேக்காம வெளியே வந்து முகச்சவரம் பண்ணிட்டு இருக்கீங்க."

வாரா வாரம் ரெஃப்ரியாக நிற்கிற மனுஷர் அவர். அதே பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் கோயில்பிச்சையின் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

அழைப்பிதழ் போனது கோயில்பிச்சைக்கு வலித்தது. கண்கூடக் கலங்கியது. ஆனால் ஒரு நொடிதான். துண்டோடு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாத்துக்கிடும்வே இசக்கி! நீரே சாட்சி! என் வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லணும். ஆடாதவனுக்கு எவனாவது கார்டு காட்டுவானா?"

ஜெபராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பெஞ்சுல உக்காந்திருக்கிறவருக்கும் காட்டலாம் சார். ரூல் இருக்கு."