ஆட்டுக்குள் போன நோட்டீஸ்

ஊரில் பத்து வக்கீல்கள் இருக்க, உலகம்மாள் எதற்காகத் தாணுலிங்கம் ஆபீஸ் படியேறினாள் என்று கேட்கலாம். மற்ற ஒன்பது ஆபீசிலும் ஆட்டை உள்ளே விடவில்லை. இங்கே ஆட்டுக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். மரியாதை தெரிந்த மனுசர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

கருப்பி அவள் வளர்த்த ஆடு. தாய் செத்த குட்டியை சீசாவில் பாலூட்டிப் பிழைக்க வைத்தவள் அவள்தான். இப்போது அது நிறைசினை. அடுத்த தெரு மாசானம், போன வருசம் காணாமல் போன தன் ஆடு இதுதான் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டான். முத்திரை குத்திய நோட்டீஸ் மூன்று பக்கத்துக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வாய்தா. தோற்றால் கருப்பியைக் கொண்டுபோய் அவன் வீட்டில் கட்ட வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஐயா, நான் கூப்பிட்டா ஓடி வரும். அவன் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. கோர்ட்ல இதைச் சொன்னா போதும்லா?"

"அதெல்லாம் பழைய காலம்மா," என்றார் தாணுலிங்கம். "இப்போ சட்டம் பூராவும் மாறிப்போச்சு."

மாறித்தான் போயிருந்தது. அந்த வருசம் அந்த மாநிலத்தில் (எந்த மாநிலம் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்) நிலம், குடும்பம், சாட்சி, கால்நடை என்று ஒன்று விடாமல் சட்டத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆபீசுக்கு வந்தது ஒரு புத்தகம். ஜூனியர்கள் மூன்று பேர். தாணுலிங்கம் நியாயவான். புத்தகத்தை மூன்றாகக் கிழித்தார். முன்பகுதி கோமதிநாயகத்துக்கு, நடுப்பகுதி ஆவுடையப்பனுக்கு, குடும்பச் சட்டம் இருந்த கடைசிப் பகுதி செண்பகராமனுக்கு. ஒருத்தர் இலாகாவில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தார். கிழித்த இடம் ஒரு வாக்கியத்தின் நடுவில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கோமதிநாயகம் தன் பங்கின் கடைசி வரியைப் படித்தான். வழக்கு எந்தச் சொத்தைப் பற்றியதோ, அந்தச் சொத்தின் மேல் கோர்ட் நோட்டீசை ஒட்ட வேண்டும் என்று இருந்தது. உடனே மைதா பசை காய்ச்சினார்கள். உலகம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கருப்பியின் விலாவில் மூன்று பக்கத்தையும் வரிசையாக ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார்கள்.

கருப்பி தலையைத் திருப்பி முகர்ந்தது. வெதுவெதுப்பான மைதா. உலகம்மாள் ஓடிப் பிடிப்பதற்குள் மூன்று பக்கமும் முத்திரையோடு உள்ளே போய்விட்டன.

ஆவுடையப்பன் அப்போதுதான் தன் பங்கின் முதல் வரியைச் சாவகாசமாக வாசித்தான். "ஆனால் அந்தச் சொத்து உயிருள்ளதாக இருந்தால் ஒட்டக் கூடாது."

"ஏம்ப்பா, இதை முந்தியே சொல்லப்படாதா?" என்றாள் உலகம்மாள்.

"ஒட்டணும்ங்கிறது அவர் இலாகா, ஒட்டக் கூடாதுங்கிறது என் இலாகா. அவர் முடிச்ச பிறகுதானம்மா நான் ஆரம்பிக்க முடியும்?"

வெள்ளிக்கிழமை அந்த நோட்டீசைக் கோர்ட்டில் காட்டாவிட்டால் வழக்கு மாசானத்தின் பக்கம் போய்விடும் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. உலகம்மாள் கருப்பியின் வாயைத் திறந்து பார்த்தாள். ஆபீசில் யோசனை தொடங்கியது.

"நோட்டீஸ் போயிட்டுன்னு யார் சொன்னா? ஆட்டுக்குள்ளதான இருக்கு," என்றான் கோமதிநாயகம். "வெளிய ஒட்டினா மழை நனைக்கும். உள்ள ஒட்டினது இன்னும் பத்திரம்."

ஆவுடையப்பன் பக்கத்தைப் புரட்டினான். "ஆவணம் எதுக்குள்ள இருக்கோ, அதைப் பிரிக்காம அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுவரணும்னு இருக்கு சார்."

"அப்போ ஆடுதான் ஆவணம்," என்று தாணுலிங்கம் தீர்மானித்தார்.

கருப்பியின் கழுத்தில் 'ஆவணம் 1, பக்கங்கள் 3' என்று அட்டை தொங்கியது. ஆவணத்தைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் பீரோவில் வைத்துத் தள்ளினார்கள். முன்பாதிதான் உள்ளே போனது. அந்த முன்பாதியில் வாயும் இருந்தது. வெளியே இழுத்தபோது யாரோ ஒரு தம்பதியின் விவாகரத்து மனு அதன் வாயில் முக்கால்வாசி போயிருந்தது.

குடும்பச் சட்டக்காரன் செண்பகராமன் கவலையோடு எழுந்தான். "சார், ரெண்டு வழக்கும் உள்ளே ஒண்ணாக் கலந்துட்டு. இப்ப அந்தப் பொண்ணுக்கு மாசானம்தான் ஜீவனாம்சம் கொடுக்கணுமா?"

"யோசிக்க வேண்டிய விசயம்," என்றார் தாணுலிங்கம். நால்வரும் டீ ஆறிப்போகும் வரை யோசித்தார்கள்.

உலகம்மாள் அதற்குள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினாள். ஆவுடையப்பன் விடவில்லை. ஆவணத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாதாம். அதனால் புல் போடக் கூடாது என்றான். அவள் பார்த்த பார்வையில் அந்த விதியை மட்டும் விட்டுக்கொடுத்தான். குறைவதையாவது காப்பாற்றலாம் என்று வெள்ளிக்கிழமை வரை கருப்பியின் பின்னாலேயே ஒரு காக்கிக் கவரோடு அலைந்து, விழுந்த புழுக்கையை எல்லாம் பொறுக்கிப் போட்டான். கவரின் மேல் 'உதிரிப் பக்கங்கள்' என்று எழுதி ஒட்டினான்.

கோர்ட்டில் கருப்பியையும் கவரையும் பார்த்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கவரைத் திறந்த டவாலி அதை உடனே மூடினார்.

மாசானத்தின் வக்கீல் எழுந்தார். அவர் ஆபீசுக்கும் ஒரே ஒரு புத்தகம்தான் வந்திருந்தது போலிருக்கிறது. "புதுச் சட்டப்படி ஒவ்வொரு ஆவணத்துக்கும் எங்களுக்கு நகல் தர வேண்டும். நகல் தராத ஆவணம் செல்லாது. ஆகவே ஆட்டை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்."

தாணுலிங்கம் ஜூனியர்களைப் பார்த்தார். ஜூனியர்கள் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்கள். உலகம்மாள் கருப்பியின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கருப்பி அந்த நேரம் பார்த்து முனகிக்கொண்டு தரையில் படுத்தது. உலகம்மாளுக்கு வழக்கும் மறந்தது, நீதிபதி இருப்பதும் மறந்தது. கறுப்புக் கோட்டுகளை எல்லாம் விலக்கிவிட்டு உட்கார்ந்து பிரசவம் பார்த்தாள். பிறந்த குட்டியை முந்தானையால் துடைத்து நிமிர்ந்தபோது, தாணுலிங்கம் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, நகல் தயார்."

எதிர்த்தரப்பு வக்கீல் குட்டியை வாங்கி அசலோடு ஒப்பிட்டார். கருப்பி தலை முதல் வால் வரை கறுப்பு. குட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. மாசானமும் அவரும் காதோடு காதாகப் பேசினார்கள்.

"ஆட்சேபிக்கிறோம். எங்கள் ஆட்டுக்கு வெள்ளைக் குட்டி பிறக்கவே பிறக்காது. இது எங்கள் ஆட்டின் நகல் இல்லை."

"எழுதிக் கொடுப்பீர்களா?" என்றார் நீதிபதி.

எழுதி, மாசானம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். நீதிபதி வாசித்தார். "இந்தக் குட்டி உங்கள் ஆட்டுக்குப் பிறக்கவில்லை என்கிறீர்கள். இந்த ஆட்டுக்குப் பிறந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஆகவே இது உங்கள் ஆடு இல்லை. வழக்கு தள்ளுபடி."

உலகம்மாள் வாசலில் நின்று "கருப்பி" என்று ஒரு குரல் கொடுத்தாள். அது குட்டியோடு வந்து அவள் கையை நக்கியது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள், என்ன இருந்தாலும் ஜெயித்துக் கொடுத்தவர்கள் ஆயிற்றே என்று, சீம்பால் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். ஜெராக்ஸ் மிஷினைக் காணோம். அது இருந்த இடத்தில் புது ஆடு ஒன்று கட்டியிருந்தது. எதிரே ஒரு பெரியவர், தன் வீட்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் அதன் வாய்க்குள் போவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகல்தான கேட்டீங்க? எடுத்துட்டிருக்கோம். ஆறு மாசம் கழிச்சு வாங்க," என்று கோமதிநாயகம் அவருக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் குனிந்து ஆட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"ஐயா, இது கிடால்லா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாணுலிங்கம்தான் நிதானமாகப் பதில் சொன்னார்.

"தெரியும்மா. பொட்டை ஆடுன்னா அஞ்சே மாசத்துல கொடுத்திருப்போம்."