ஒன்பதாவது வெட்டு

சவரிமுத்து அறைக்குள் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை. கையிலிருந்த மருத்துவக் கோப்பை டாக்டர் உலகநாதனின் மேசைமேல் எறிந்தார்.

"நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தியளே, இப்பப் பாருங்க. வலது கண்ணால பாத்தா உங்க மூஞ்சியே இல்ல. காது ரெண்டும்தான் தெரியுது."

உலகநாதனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கண்புரை அறுவையில் இருபது ஆண்டுகள் பேர் வாங்கியவர். விழித்திரை மருத்துவத்தையும் கற்றுவிட வேண்டும் என்ற ஆசையில், தம்மைவிடப் பதினோரு வயது இளையவரான டாக்டர் ரமீஜாவிடம் மாணவராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் எந்த நோயாளியும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

"உட்காருங்க. சத்தம் போடாதீங்க."

"உக்கார வரல. மூணு வாரத்துக்கு முன்னால இதே எடத்துல என்ன சொன்னேன்? டைல்ஸ் ஒட்டும்போது கோடு வளையுதுன்னு சொன்னேம்லா? ஒரு வீட்டுக் கூடத்தை ரெண்டு தடவை ஒட்டி, ரெண்டு தடவையும் நானே பேத்து எடுத்தேன். நூல் கட்டிப் பாத்தா நேரா நிக்குது, கண்ணு வளைச்சுக் காட்டுது. நீங்க என்ன சொன்னிய? வயசாகுது, கண்ணாடியை மாத்தும்னு சொன்னிய."

"மெஷின்ல படம் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்."

"மெஷினை நானா கேட்டேன்? என் கண்ணைக் கேட்டேன்!"

வாசலில் ரமீஜா வந்து நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் கண்டார்கள். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வது அவர் வழக்கம். இப்போது மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முதல்ல வளைஞ்சது எந்த இடம் அண்ணாச்சி? நேராப் பார்க்கிற இடமா, பக்கத்துலயா?"

"மேல, கொஞ்சம் தள்ளி. அன்னைக்கே இவருகிட்டச் சொன்னேன். இப்பதான் நடுவே அவிஞ்சு போச்சு."

கண்ணில் மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை காத்திருந்து, புதிய படம் எடுத்தார்கள். விழித்திரையின் நடுவில் இரத்தம் கட்டியிருந்தது. சவரிமுத்துவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ரமீஜா கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு எடுத்தது எங்கே?"

உலகநாதன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். தாளின் நடுவே ஒரு வட்டம். வட்டம் முழுதும் பச்சை. விழித்திரையின் சராசரித் தடிமன் சரியாக இருக்கிறது என்று அந்த இயந்திரம் சொல்லும் நிறம் அது.

"பாருங்க மேடம். எங்கேயாவது சிவப்பு இருக்கா? மஞ்சளாவது இருக்கா? மெஷினே சரின்னு சொல்லும்போது நான் யாரைத்தான் நம்புறது?"

அவர் குரலில் குற்ற உணர்வு இல்லை, சினமே இருந்தது. தம்மேல் பழி விழுவது அநியாயம் என்றே அவர் நினைத்தார்.

ரமீஜா கணினியில் மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தைத் திறந்தார். அந்த இயந்திரம் விழித்திரையைக் கீழிருந்து மேலாக இருபத்தைந்து குறுக்கு வெட்டுகளாகப் படம் பிடிக்கும். அச்சில் அந்த வட்டத்தோடு வருவது நடுவிலுள்ள ஒன்று மட்டுமே. மற்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும்.

"திருப்புங்க சார். ஒண்ணுலருந்து. வாய்விட்டு எண்ணுங்க."

"மேடம், நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

"எண்ணுங்க."

எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. எட்டுவரை குரலில் எரிச்சல் இருந்தது. ஒன்பதில் குரல் நின்றுவிட்டது.

ஈரச் சுவரில் வண்ணப்பூச்சு உப்பியிருப்பதுபோல, விழித்திரையின் அடிப்படலம் ஓரிடத்தில் மேலெழுந்திருந்தது. அதனடியில் மெல்லிய கறுப்புக் கீற்றாக நீர்.

"மேலே வளையுதுன்னு சொன்னார்," என்றார் ரமீஜா. "காட்சி விழித்திரையில தலைகீழா விழும். அப்போ கீழே தேடணும். இடத்தைக்கூடச் சொல்லிட்டுத்தான் போயிருக்கார்."

உலகநாதன் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார்.

"மேடம்... இது அவருக்குத் தெரியாது. இப்போ புதுசா வந்ததுன்னு சொல்லிட்டா..."

ரமீஜா எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"சவரிமுத்து அண்ணாச்சி, உள்ளே வாங்க."

தம் நாற்காலியிலேயே அவரைத் திரைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"சார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

தப்ப வழியில்லை. உலகநாதன் அந்தக் கறுப்புக் கீற்றை விரலால் காட்டிச் சொன்னார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார்.

"அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்தது."

"நான் இங்கன நின்னு சொல்லும்போதே?"

"ஆமா."

"என் பேச்சையும் கேக்கல, மெஷின் எடுத்த படத்தையும் பாக்கல. அப்போ எதைத்தான்யா பாத்திய?"

சவரிமுத்து ரமீஜாவின் பக்கம் திரும்பினார்.

"பார்வை வருமாம்மா?"

"இன்னைக்கே கண்ணுல ஊசி போடணும். அப்புறம் மாசாமாசம். கொஞ்சம் திரும்பும். முழுசா வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அன்னைக்கே போட்டிருந்தா?"

ரமீஜா உலகநாதனைப் பார்த்தார்.

"பெரும்பாலும்... காப்பாத்தியிருக்கலாம்," என்றார் உலகநாதன்.

சவரிமுத்துவின் தாடை இறுகியது. கைகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டன.

"ஊசியை நீங்க போடுங்கம்மா. இந்த ஆளு என் பக்கத்துல வரப்படாது."

ஊசி போட்டாயிற்று. கண்ணில் கட்டுடன் சவரிமுத்து படியிறங்கிப் போனார். ரமீஜா கை கழுவிக்கொண்டிருந்தார். உலகநாதன் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். முகம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நோயாளி முன்னாலயே என்னைத் தலைகுனிய வச்சுட்டீங்க. உங்களுக்கு என்மேல எவ்வளவு கோபம்னு தெரியுது. அது தணிய நான் என்ன செய்யணும் மேடம்?"

ரமீஜா குழாயை மூடினார்.

"இந்த எட்டு மாசத்துல எத்தனை தாள்ல 'குறையொன்றும் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"கணக்கா ஞாபகமில்ல. முந்நூறு இருக்கும்."

"இவர் சண்டை போடத் தெரிஞ்சவர், திரும்பி வந்தார். மத்தவங்க உங்களை நம்பி வீட்டுல இருக்காங்க."