முதலில் வெளியே போனவள்

ஞானையா சாரைச் சந்தனமாரி கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு அடுப்பு முன்னால் நின்றார்.

மனைவி இறந்த பிறகு அந்த ஒற்றை அறையில் இரண்டாவது தட்டு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. இருந்த தட்டில் அவளுக்குச் சோறு போட்டார். தனக்குச் சட்டி மூடியில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடு. கேக்க வந்தது எங்கயும் ஓடிப்போவாது."

"கேக்க ஒண்ணுமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்கதுக்கு நீ கிறிஸ்மசுக்குத்தான் வருவே."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதில் அவளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்போது அவளுக்கு முடி நரைத்துவிட்டது. ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறாள். அவள் பழக்கும் அணி வருடம் தவறாமல் கோப்பை கொண்டுவருகிறது. அப்படியும் குழப்பம் என்று வந்தால் பஸ் ஏறி இங்கேதான் வருவாள்.

பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள்.

"பிள்ளைங்க ஆட மாட்டோம்னு உக்காந்துட்டாங்க சார். புதன்கிழமை ஃபைனல்."

"எதுக்காம்?"

"மாசாமாசம் ஏதாவது உதவித்தொகை வேணுமாம். விளையாட்டுக் குழுவுல அவங்க ஆள் ஒருத்தி இருக்கணுமாம். அப்புறம் வாசுகிக்கு ஹாஸ்டல் ரூமைத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"வாசுகி யாரு?"

"எங்க ரைடர் சார். நம்ம பக்கத்துல அவ மாதிரி கால் யாருக்கும் கிடையாது. போன மேட்சுல முட்டி போயிட்டு. ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. ஆடுறவங்களுக்குத்தான் ஃப்ரீ சீட்டு, ஃப்ரீ ஹாஸ்டல். அதனால ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"போயிட்டாளா?"

"ஊருக்குப் போக, காலேஜ் பஸ்ஸுலயே பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டோம். அந்த பஸ் பின்னாலதான் அவ ரைடு போற படத்தைப் பெருசா போட்டிருக்கு, அட்மிஷன் விளம்பரத்துக்கு. இறங்கிப் பெட்டியை வச்சுக்கிட்டு நின்னா. பஸ் திரும்பிப் போச்சு. அந்தப் படம் கண்ணுக்கு மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாளாம். டிரைவர் சொன்னார்."

ஞானையா சார் மூடியில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார்.

"கரஸ்பாண்டென்ட் என்ன சொல்லுதாரு?"

"நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வரலன்னா மத்தவங்க சீட்டும் போயிரும்னு சொல்லுதாரு. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களை வச்சு ஃபைனல் ஆடச் சொல்லுதாரு. ஆட வச்சா எனக்கு வேலை இருக்கும். அவங்க பக்கம் நின்னா எனக்கும் இல்ல."

"பிள்ளைங்க அவர்ட்ட நேரா பேசினாங்களா?"

"கேப்டன் பேசினா. பேச்சு கூடாதுன்னு அவர் சத்தம் போட்டாரு. இவ சும்மா இருக்காம, 'கோட்டைத் தாண்டிப் போனா வாய் ஓயக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்கீங்க, ஆபீசுக்குள்ள வந்தா மட்டும் மூடச் சொல்லுதீங்களே சார்'னுட்டா."

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சிரிக்காதீங்க சார். எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. அவங்க கேக்கது நியாயமா? சீட்டு குடுத்து, சோறு போட்டு, ஜெர்சி வாங்கிக் குடுத்து, ஷூ வாங்கிக் குடுத்து… நாம அந்தக் காலத்துல டீக்கும் பன்னுக்கும் ஆடலையா? காசு குடுத்துட்டா, அப்புறம் ஆட்டத்து மேல ஆசையா எவ வருவா?"

"உனக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு சார்."

"வாங்க ஆரம்பிச்ச பிறகு ஆசை போச்சா?"

அவர் எழுந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார்:

"நான் காலேஜுக்கு ஆடினவன், தெரியுமா?"

"நீங்க காலேஜுல படிச்சதே எனக்குத் தெரியாதே சார்."

"படிச்சு முடிச்சிருந்தாதானே தெரியும். ரெண்டாவது வருஷம் தோள்பட்டை இறங்கிட்டு. வெளிய உக்காரு ஞானையான்னாங்க. உக்காந்தேன். மத்தவனுவ நல்லா ஆடினானுவ. ஜெயிச்சானுவ. கப்பு காலேஜுக்குள்ள போச்சு. நான் போகல."

"நீங்க கேக்கலையா?"

"யார்ட்ட கேக்க? கேக்கலாம்னே யாரும் சொல்லல. டீயும் பன்னும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் சொல்லாதது. படிப்பு முடிக்காததால்தான் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை அவரை நிரந்தரம் ஆக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மற்ற ஆசிரியர்கள் பென்ஷன் வாங்கி வீடு கட்டினார்கள். இவர் இந்த அறையில் வாடகைக்கு இருந்தார்.

"வா, ஒரு ஆட்டம் ஆடுவோம்" என்றார்.

"இந்த வெயில்லயா?"

"ஏன், கறுத்துப்போவியோ?"

அறைக்குப் பின்னால் யாரோ வாங்கிப் போட்டு வீடு கட்டாமல் விட்ட மனை ஒன்று கிடந்தது. ஞானையா சார் செருப்பின் குதிகாலால் மண்ணில் இழுத்து இழுத்து ஒரு களம் போட்டார். நடுக்கோடு கோணலாக வந்தது. அந்தப் பக்கக் களத்தில் அவளுடைய கைப்பையை நட்டுக்குத்தாக வைத்தார்.

"இது யாரு சார்?"

"உங்க கரஸ்பாண்டென்டுன்னு வச்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக.

"நீ அவுட்டு. போயி உக்காரு."

கடைசிக் கோட்டுக்கு வெளியே, அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்தில், அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மண் சுட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

ஞானையா சார் மூச்சை இழுத்தார். கபடி கபடி என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். நடைதான், ஓட்டம் இல்லை. குரல் கம்மிக்கொண்டே போனது. குனிந்து பையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். நடுக்கோட்டில் கால் வைத்தபோது மூச்சு முழுவதும் தீர்ந்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

நிமிர்ந்து பார்த்தார். சந்தனமாரி களத்துக்குள் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு எந்திச்சு வந்தே?"

"நீங்க தொட்டுட்டு வந்துட்டீங்கல்லா. பாயின்ட் சார்."

"பாயின்ட் எடுத்தது நான். நீ எதுக்கு வந்தே?"

"ஒரு பாயின்ட் எடுத்தா அவுட் ஆனவ ஒருத்தி உள்ள வரணும்லா."

"எவ வரணும்?"

"முதல்ல வெளிய போனவ."

"அவளுக்குப் பதிலா வேற ஒருத்தியைப் போட்டா என்ன? நல்ல கால் உள்ளவளா பாத்து?"

"போட முடியாது சார். அவுட் ஆகி உக்காந்திருக்கவளுக்கு மாத்து ஆள் கிடையாது. அவதான் வரணும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

அவர் போய்ப் பையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவளிடம் கொடுத்தார்.

அவள் பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். மெதுவாகச் சொன்னாள்:

"அது ஆட்டம் நடக்கும்போது சார். இப்ப பிள்ளைங்க ஆட்டத்தையே நிறுத்திட்டாங்களே."

"அவளுவ நிறுத்தல, மாரி. ஒருத்தியை உள்ள கொண்டுவர ஆடிக்கிட்டுதான் இருக்காளுவ. நீதான் விசிலை ஊதிட்டு இங்க பஸ் ஏறி வந்துட்டே."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரும் கூடவே நடந்து வந்தார். பஸ் கிளம்பும்போது அவர் கையைத் தூக்கினார். பனியனோடேயே வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தவர் போல, தூக்கிய கையை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தாளாளர் அறையில் சந்தனமாரி நின்றுகொண்டே பேசினாள். முதல் வருடப் பிள்ளைகளைத் தான் கூட்டிப்போக முடியாது என்றாள். வாசுகி திரும்பி வரட்டும் என்றாள்.

"மேடம், நீங்க ஸ்டாஃபா, இல்ல பிளேயரா?" என்று அவர் கேட்டார்.

"பிளேயரா இருந்துதான் சார் ஸ்டாஃப் ஆனேன்."

வேறொருவர் முதல் வருடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குழந்தைகள் பாவம், பயந்துபோய் ஆடித் தோற்றார்கள். ஆடாமல் உட்கார்ந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் மறுவாரம் வேன் பிடித்து வந்து கல்லூரி வாசலில் நின்றார்கள். யாருடைய சீட்டும் போகவில்லை. சந்தனமாரியை மட்டும் அதே நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் டிரில் எடுக்கும் வேலை.

ஞானையா சார் அந்த மாதக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த அறையின் சொந்தக்காரர் போனில் சொன்னார். மாற்றலான விஷயத்தைச் சாரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் கிறிஸ்மசுக்குக் காத்திருந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் அவளும் ஒரு முனையைப் பிடித்தாள்.

வாசுகி அடுத்த பருவத்தில் விடுதிக்குத் திரும்பினாள். ஆபரேஷன் முடிந்தும் அவளால் பழையபடி ஆட முடியவில்லை. படிப்பை முடித்தாள்.

உதவித்தொகை இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. விளையாட்டுக் குழு கூடும்போது ஆடுகிற மாணவிகளில் ஒருத்திக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள்.